இரண்டு சபைகளும் ஒரு மத்தியானச் சாப்பாடும்

எழுபதுகளில் மெல்பேணின் கிழக்கு ஓரத்தில், புதிதாக வெட்டிய தெருவொன்றின் கடைசி வீட்டை வாங்கினோம். குழாயைத் திறந்தால் தண்ணீர் நூல் மாதிரித்தான் வரும். உடுப்புத் தோய்க்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்தது, அவ்வளவுதான். நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை. பிறகு என் கணவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டன.

வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். வேலை போனது. போய்வரும் களைப்பிலேயே மனிதர் பாதியாகிவிட்டார். வீட்டிலேயே மெஷினை வைத்துத் தருகிறோம், உங்களுக்கும் பழக்கிவிடுகிறோம் என்று டொக்டர் என்னிடம் சொன்னபோது எங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதற்குத் தண்ணீர் வேகமாக வரவேண்டும், மின்சாரமும் கூடுதலாக வேண்டும் என்றார்.

பெரிய குழாய் போடத் தயார், ஆனால் வழியில் மின்கம்பம் நிற்கிறது என்றது தண்ணீர்ச் சபை. குழாய் எந்தப் பக்கத்தால் போகிறதென்று தெரியாமல் கம்பத்தை எப்படி நகர்த்துவது என்றது மின்சாரச் சபை. இரண்டு சபைகளின் கந்தோர்களும் நகரத்தில் ஒரே வீதியில்தான் இருந்தன. நடந்துபோய் ஒரு வார்த்தை பேச ஒருவனுக்கும் கால் இருக்கவில்லை.

அரசாங்கம் அப்போதுதான் ஒரு புதிய அலுவலகத்தைத் திறந்திருந்தது. தண்ணீர், மின்சாரம், வாயு, டிராம் என்று எந்தச் சபையையும் கூப்பிட்டுக் கேள்வி கேட்கலாம். எந்த மந்திரிக்கும் அது கட்டுப்பட்டதல்ல. ஆஸ்பத்திரிச் சமூகசேவகி எங்கள் முறைப்பாட்டை அங்கே அனுப்பிவைத்தாள். நான் கொஞ்சம் நம்பினேன். என் கணவர் நம்பவில்லை. கொழும்பில் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர் அவர். அங்கே ஒரு பைல் மேசை மாறுவதற்கும் யாராவது ஒருவருடைய மச்சான் வேண்டும்.

கோயில் இல்லாத காலம். வீடுகளில்தான் பூசை. அப்படியொரு பூசையில் என் கணவர் ஓர் இளைஞனோடு நெடுநேரம் கதைத்துக்கொண்டிருந்தார். ஊரைக் கேட்டார்கள், படித்த பள்ளிக்கூடத்தைக் கேட்டார்கள், எந்த வழியில் என்ன முறை என்று தேடிப் பிடித்தார்கள். பெயரை மட்டும் இரண்டு பேரும் கேட்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு அது கடைசியாகத்தான் தேவைப்படும். அந்தப் புதிய அலுவலகத்தில்தான் அவனுக்கு வேலை என்று தெரிந்ததும், எங்கள் விசயத்தை வாயே திறக்காமல், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வரச்சொல்லிவிட்டார். கதைக்கிற விசயத்தைச் சாப்பிடும்போது கதைப்பதுதானே எங்கள் வழக்கம்.

முறைப்பாடு அங்கே இருக்கும்போது இது சரியா என்று காரில் கேட்டேன்.

“நீர் சும்மா இரும். அவன் எங்கட பெடியன்” என்றார். அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு நண்டு வாங்கவேண்டும் என்றேன்.

ஞாயிறு மத்தியானம் ஸ்டேஷனுக்குப் போய் அவனைக் காரில் ஏற்றிவந்தார். நண்டுக்கறி, புட்டு, சொதி. தனியாக இருக்கிற பிள்ளை, வயிறாரச் சாப்பிட்டான். அக்கா, அக்கா என்றான். இரண்டாம் முறை புட்டு வைத்தபோது என் கணவர் மெல்லத் தொடங்கினார்: மெஷின், குழாய், கம்பம்.

அவன் கை சாப்பாட்டுக் கோப்பையிலேயே நின்றுவிட்டது. தெருவின் கடைசி வீடா என்று கேட்டான்.

“ஓம் தம்பி, இந்த வீடுதான்.”

எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தான். எங்கள் முறைப்பாடு அவனிடம்தான் இருந்ததாம். இரண்டு சபைகளையும் வருகிற கிழமை ஒரே மேசைக்குக் கூப்பிட்டிருக்கிறானாம், இரண்டும் வருவதாக ஒப்புக்கொண்டுவிட்டனவாம்.

“அண்ணை, நான் இந்த வீட்டில சாப்பிட்டிட்டன். நாளைக்கு மேலிடத்தில சொல்லத்தான் வேணும். இனி இதை நான் பாக்கேலாது.”

என் கணவருக்கு விளங்கவில்லை. நீர் சொல்லாவிட்டால் ஆருக்குத் தெரியப்போகிறது என்று சிரித்தார். அவன் சிரிக்கவில்லை. காரும் வேண்டாமென்று ஸ்டேஷனுக்கு நடந்தே போனான்.

சொன்னபடியே சொல்லியும்விட்டான். கூட்டம் நின்றது. பக்கச்சார்பு என்று சபைகள் நாளைக்குச் சொல்லிவிடக் கூடாதாம். முறைப்பாடு வேறோர் அதிகாரியிடம் போனது. அவர் எல்லாவற்றையும் அடியிலிருந்து தொடங்கினார். தண்ணீர்ச் சபை மறுபடியும் கம்பத்தைக் காட்டியது, மின்சாரச் சபை மறுபடியும் குழாயைக் காட்டியது. குளிர்காலத்தில் ஒரு காலை, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், என் கணவரின் இதயம் நின்றது. காரை நான்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெடியன் நேர்மையானவன் என்று சனம் சொல்லும். நேர்மையானவன்தான். எனக்கு அந்த நேர்மையைப் பிடிக்கவில்லை, இன்றுவரை பிடிக்கவில்லை. அதைவிட ஆத்திரம், ஒரே வீதியில் இருந்துகொண்டு ஒருவரோடொருவர் பேசாதிருந்த மற்றவர்கள் மேல். அவர்களில் ஒருவனும் எங்கள் வீட்டில் ஒரு வாய் சாப்பிடவில்லை. அதனால் ஒருவனும் விலகவேண்டி வரவில்லை.

வசந்தகாலத்தில் இரண்டு சபைகளின் லொறிகளும் ஒன்றாக வந்தன. புதிய அதிகாரி ஒருவழியாக அவர்களை ஒரு மேசையில் இருத்தியிருந்தார். காலையில் கம்பத்தை நகர்த்தினார்கள், பின்னேரம் குழாய் வந்துவிட்டது. மெஷினுக்கான இணைப்பு எங்கே என்று மேற்பார்வையாளர் கேட்டார். இனித் தேவையில்லை, அவர் செத்துப்போய்விட்டார் என்றேன். மன்னிக்கச் சொன்னார். ஆனால் உத்தரவில் இருப்பதைச் செய்யாமல் போக முடியாது என்றார். படுக்கையறைச் சுவரில், கட்டிலுக்குப் பக்கத்தில், ஒரு குழாயைப் பொருத்தி, திறந்தும் காட்டினார்கள். தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. இடமும் பிழையில்லை. அவர் படுக்கிற பக்கம்தான்.