மிச்சம் வைத்த நாவல்

ஜப்பானின் வடக்கே, மொரியோகா நகரில், மினெகிஷி சலவைக் கடைக்குத் துணி போடப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுமையோடுதான் போக வேண்டும். முன்மேசையில் இருக்கும் தொகியே, படித்துக்கொண்டிருக்கும் பத்தி முடியாமல் தலை நிமிர மாட்டாள். அவசரக்காரர்கள் உள்ளே இஸ்திரி போடும் அவள் கணவர் ஷூசோவைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். அவர் உடனே வருவார். அவர் கையில் ஒருநாளும் புத்தகம் இருந்ததில்லை.

மருமகளிடம் மாமியார் கண்டுபிடிக்கிற குற்றமெல்லாம் தொகியே புத்தகங்களிடம் கண்டுபிடிப்பாள். நாய் சாகிற கதை ஆகாது. முதல் அத்தியாயத்திலேயே கதாநாயகி இருமினால் புத்தகத்தை மூடிவிடுவாள். கன்னத்தில் கை வைத்துப் படம் எடுத்துக்கொண்ட எழுத்தாளரை நம்ப மாட்டாள். பரிசு வாங்கிய நாவலை, பரிசின் சூடு ஆறட்டும் என்று ஐந்தாறு வருடம் விட்டுவைப்பாள். பனிக்காலம் வந்தால் ரஷ்யக் கதைகளின் மொழிபெயர்ப்புதான் வேண்டும். நம் ஊரிலும் பனி, அவர்கள் ஊரிலும் பனி, ஆனால் அவர்கள் வாய்விட்டுச் சண்டை போடுகிறார்கள், அதைப் படித்தாலே உடம்பு சூடாகிறது என்பாள். கோடைக்குத் துப்பறியும் கதை; அதிலும் கொலை நடக்கிற வீட்டில் சமையல் நன்றாக இருக்க வேண்டும்.

இந்த எழுத்தாளர்கள் எல்லோருக்கும் மேலே தனியாக உட்கார்ந்திருந்தவர் தொமாரி செய்கோ. பெரிய பேர் எடுத்தவரில்லை. துறைமுகத்து ஜனங்களை வைத்துப் பதினைந்து நாவல் எழுதிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அவர் ஆட்கள் மீனைச் சுத்தம் செய்துகொண்டே சண்டை போடுவார்கள், சண்டை முடிந்ததும் அதே மீனைச் சமைத்து ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அழ வேண்டியிருந்தால் கொல்லைப்புறம் போய்விடுவார்கள். தொகியே அவற்றில் பதினாலைத் திரும்பத் திரும்பப் படித்திருந்தாள். பதினைந்தாவது வெளிவந்த வசந்தத்தில்தான் அவர் இறந்தார். அதை வாங்கிவந்தாளே தவிர, பதினொரு வருடமாகத் திறக்கவில்லை.

"அதையும் படிச்சுட்டா, அப்புறம் அவரு நெஜமாவே செத்துப்போயிருவாரு" என்று புத்தகக் கடை நீசாத்தோ அம்மாளிடம் ஒருமுறை சொன்னாள். அது ஊர் முழுக்கப் பரவி, துணி வாங்க வருகிறவர்கள்கூட "என்ன, தொமாரி இன்னும் உயிரோடதான் இருக்காரா?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

நீசாத்தோ அம்மாள் அந்த ஊர்ப் புத்தகக் கடைக்காரர்கள் எல்லோரையும் போல விற்கிற புத்தகத்துக்குக் காகித உறை போட்டுத்தான் கொடுப்பாள். பலர் வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுவார்கள். தொகியே கழற்றியதே இல்லை. அவள் அலமாரி முழுக்க ஒரே பழுப்பு நிறம். முதுகில் பேராவது எழுதிவைக்கலாமே என்று ஷூசோ சொன்னால், "பெத்த புள்ளைக்கு நெத்தியிலயா பேர் எழுதி வளக்குறோம்?" என்பாள். ஷூசோவுக்கென்று இருந்த ஒரே புத்தகம், ஆற்று மீன் பிடிப்பது பற்றியது, அதற்கும் அவளே உறை மாட்டி அடித்தட்டில் கடைசியாகச் சொருகியிருந்தாள். "நீங்க முழுசாப் படிக்கிறது சட்டையில இருக்கிற லேபிளத்தான்" என்று கேலி செய்வாள். அவர் சிரித்துக்கொண்டே இஸ்திரி போடுவார்.

அந்த வருடக் கடைசியில் வீட்டைச் சுத்தம் செய்கிறபோது அலமாரி துடைக்கிற வேலை ஷூசோவிடம் போயிற்று. துடைத்து முடித்து, சட்டை அடுக்குகிற பழக்கத்தில், புத்தகங்களை உயரம் பார்த்து அடுக்கிவிட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. தொகியே பல்லைக் கடித்துக்கொண்டு, புத்தாண்டு போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

புத்தாண்டு போனது. கூரைப் பனியைத் தள்ள ஏறிய ஷூசோ வழுக்கி விழுந்து தொடை எலும்பை உடைத்துக்கொண்டார். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தாலும் சில வாரம் படுக்கையில் கிடக்க வேண்டும் என்றார்கள். பொழுது போகவில்லை, அந்த மீன்பிடிப் புத்தகத்தைக் கொண்டுவா என்று கேட்டார். தொகியே கடையைச் சாத்திவிட்டுப் பேருந்துக்கு ஓடுகிற அவசரத்தில் அடித்தட்டுக் கடைசியில் கைவிட்டு எடுத்து, துண்டு, செருப்போடு பையில் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள். அலமாரி மாறியது அவளுக்கு மறந்தே போயிற்று.

சில நாள் கழித்துப் போனபோது ஷூசோ மூக்குக் கண்ணாடியோடு பாதிப் புத்தகத்துக்கு மேல் தாண்டியிருந்தார்.

"தொகியே, இதுல மீன் வருது, படகு வருது, ஒருத்தனும் தூண்டிலயே எடுக்க மாட்டேங்குறானே" என்றார்.

அவள் வாங்கி முதல் பக்கத்தைப் புரட்டினாள். மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"இதுதானா அது? நிறுத்திடட்டுமா?"

பாதியில் இருக்கிறவரிடமிருந்து புத்தகத்தைப் பிடுங்குவது எதிரிக்குக்கூடச் செய்யக்கூடாத பாவம் என்று நம்புகிறவள் தொகியே. "படிங்க. ஆனா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாது" என்று திருப்பிக் கொடுத்தாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பொருமிக்கொண்டே போனாள். பதினொரு வருடம் அவள் பொத்தி வைத்ததை, கேட்காமலே ஒரு மனுஷன் அனுபவித்துக்கொண்டிருந்தார்.

ஷூசோ அவள் சொன்னபடியே நடந்துகொண்டார். அடுத்து வந்த நாட்களில் பக்கத்துக் கட்டில்காரரின் குறட்டையைப் பற்றியும், ஆறிப்போன சூப்பைப் பற்றியும் மட்டுமே பேசினார். புத்தகம் முடிந்து மேஜையில் கிடந்தது. ஆனால் தொமாரியை முடித்தவர் முகத்தில் இருக்க வேண்டிய களை அவர் முகத்தில் இல்லை. தொகியேவுக்கு அது தாங்கவில்லை.

"எப்படி இருந்துச்சு?"

"சொல்லக் கூடாதுன்னியே."

"சொல்லுங்க."

அவர் போர்வை விளிம்பை, காலர் மடிப்பது போல, விரலால் நீவிவிட்டார். "நல்லா இல்ல, தொகியே."

ஆயுசுக்கு ஒரு நாவல் படித்துவிட்டுத் தீர்ப்பு வேறா என்று அவளுக்குக் கோபம் பொங்கியது. புத்தகத்தைப் பறிக்காத குறையாக எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இந்த ஆளுக்கு என்ன தெரியும் என்று பேருந்திலேயே பிரித்தாள். மறுநாள் கடையிலும் விடவில்லை. துணி வாங்க வந்தவர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தாங்களே தேடி எடுத்துக்கொண்டு போனார்கள்.

அறுபது பக்கத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. இந்த நாவலில் யாரும் சாப்பிடவில்லை. வலை உலர்ந்துகொண்டே இருந்தது, சண்டைகள் பாதியில் நின்றன, வாக்கியங்களுக்கு மூச்சு வாங்கியது. ஒருத்தி ரயில் நிலையத்தில் நின்று நாலு பேர் பார்க்க அழுதாள். நோயோடு எழுதியிருக்கிறார், முடியாமல் எழுதியிருக்கிறார். வேறு யாராவது எழுதியிருந்தால் அங்கேயே தூக்கிப் போட்டிருப்பாள். இதை ஒரு பக்கம் தாண்டாமல் படித்தாள். படுத்த படுக்கையாய்க் கிடக்கிறவரைப் பார்க்கப் போனால் பாதியில் எழுந்து வர முடியுமா? கடைசிப் பக்கம் முடிந்ததும் கடையின் திரையை இழுத்துவிட்டு, தொங்குகிற சட்டைகளுக்கு நடுவே நின்று அழுதாள். தொமாரி அன்றைக்குத்தான் செத்தார். பதினொரு வருடமாக அவர் களைத்துப் போய் இதற்குள் காத்திருந்திருக்கிறார், போக விடாமல் வைத்திருந்தது தான்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் மருத்துவமனையில், "நீங்க சொன்னது சரிதான்" என்றாள். ஷூசோ ஜெயித்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

"ஒரு எடம் மட்டும் நல்லா இருந்துச்சு" என்றார். "அந்த வலை பின்னுறவன். பொண்டாட்டி பேசிக்கிட்டே இருப்பா, அவன் காதுல வாங்காத மாதிரி எல்லாத்தையும் வாங்கிக்கிட்டே இருப்பானே."

தொகியேவும் அந்தப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். நாவலில் பழைய தொமாரி எழுந்து உட்கார்ந்த ஒரே பக்கம் அது. அதை இந்த மனுஷனும் கண்டுபிடித்திருக்கிறார். இத்தனை வருடத்தில் தொமாரியைப் பற்றி அவள் இஸ்திரி மேஜைப் பக்கம் திரும்பிப் பேசியதெல்லாம் ஆவியோடு போய்விட்டதென்றே நினைத்திருந்தாள்.

ஷூசோ கண்ணாடியைத் துடைத்தார்.

"இந்த ஆளு முன்னாடி நல்லா எழுதுனாருன்னுதானே நீ சொல்லிட்டே இருப்ப. அதுல ஒண்ணு கொண்டுவர்றியா? எது முதல்லன்னு நீயே பாத்துச் சொல்லு."

எது முதலில்? உப்பளத்து அண்ணன் தம்பி கதையா, கலங்கரை விளக்கத்துச் சமையல்காரி கதையா? அவள் ஒவ்வொன்றாக மனதுக்குள் எடுத்துப் பார்த்தாள். ஒன்றைக்கூட அவளால் இனிமேல் முதல்முறையாகப் படிக்க முடியாது.

"உங்களுக்கு இன்னும் பதினாலு பாக்கி இருக்கு" என்றாள். அதைச் சொல்லும்போது அவர் மேல் அவளுக்குப் பொறாமையாக இருந்தது.