வலது பக்கத்து இருக்கை

நுமாஸு என்ற கடலோர ஊரில் கருவாட்டுக் கொட்டகை நடத்தும் முராகோஷி எய்சோவுக்குக் கார் பைத்தியம். அதிலும் சாதாரணப் பைத்தியமில்லை. ஊரில் ஓடுகிற வண்டிகளுக்கெல்லாம் ஸ்டியரிங் வலது பக்கம் இருக்கும். இவருடைய ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் காருக்கு இடது பக்கம் இருக்க வேண்டும். அங்கே செய்தது அங்கே செய்தபடியே இருந்தால்தான் அசல், நமக்காக வலது பக்கம் மாற்றியது கலப்படம் என்பார். மீனில் உப்பைக் கூட்டிக் குறைத்து விற்கிற மனுஷன் கலப்படத்தைப் பற்றிப் பேசும்போது அவர் மனைவி ஃபுசாயேவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஏனென்றால் அந்த அசலுக்கு விலை கொடுத்தவள் அவள். இடது பக்க ஸ்டியரிங் என்றால் வலது பக்க இருக்கை காலி. அந்த இருக்கையில் இருபத்திரண்டு வருஷமாக, ஞாயிற்றுக்கிழமை தவறாமல், அவள்தான் உட்கார்ந்து வந்தாள். சுங்கச்சாவடியில் சீட்டு வாங்குவதும் காசு நீட்டுவதும் அந்தப் பக்கம்தான். மழையில் கண்ணாடியை இறக்கித் தோள்வரை நனைவது அவள். இடது ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் எய்சோ உலர்ந்தபடி, "சீக்கிரம், பின்னால வண்டி நிக்குது" என்பார்.

அதுவாவது போகட்டும். மலைப்பாதையில் முன்னால் ஒரு லாரி போனால், இடது ஓரத்தில் இருப்பவருக்கு லாரியின் முதுகைத் தவிர ஒன்றும் தெரியாது. எதிரே வருவது வலது பக்கத்து ஆளின் கண்ணுக்குத்தான் தெரியும்.

"போகலாமா?" என்பார்.

"பொறுங்க, பஸ் வருது."

"இப்ப?"

"இன்னொரு கார்."

"இப்ப?"

"போங்க."

இப்படியே இருபத்திரண்டு வருஷம். போதாக்குறைக்கு, வலது பக்கம் உட்கார்ந்திருப்பவர்தான் ஓட்டுகிறார் என்று நினைப்பது எல்லாருக்கும் பழக்கம். எய்சோ யாரையாவது உரசிக்கொண்டு போனாலும், குறுக்கே புகுந்தாலும், சைக்கிள்காரர்களும் கிழவர்களும் முறைப்பது ஃபுசாயேவைத்தான். ஒருமுறை மிஷிமாவில் ஒரு தபால்காரர் கண்ணாடி அருகே வந்து, "லைசென்ஸ் எங்கம்மா வாங்கினே, கண்காட்சியிலயா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கையில் ஸ்டியரிங்கே இல்லாத அவள் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டாள். எய்சோ அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இடது ஸ்டியரிங்காரர்களுக்கென்று ஒரு சங்கமும் இருந்தது. பல் டாக்டர் ஒசகாபே தலைவர். ஞாயிறு தோறும் எட்டுப் பத்து கார்கள் வரிசையாக மலையேறும்; உச்சியில் கடையோரம் நின்று எல்லாரும் நூடுல்ஸ் உறிஞ்சுவார்கள். மனைவிமாரும் கட்டாயம் வருவார்கள். வராவிட்டால் முந்துவதற்குக் கண் ஏது? "முராகோஷி, உன் வலது பக்கத்து உதிரிபாகம் ஒழுங்கா வேலை செய்யுதா?" என்று ஒசகாபே கேட்பார். ஆண்கள் சிரிப்பார்கள். மனைவிமார் நூடுல்ஸைப் பார்ப்பார்கள். பல்லைப் பிடுங்குகிறவருக்குப் பல்லைக் காட்டாமல் பேசத் தெரியாது என்று ஃபுசாயே மனசுக்குள் திட்டிக்கொள்வாள்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் அமாகி கணவாயில்தான் அது நடந்தது. முன்னால் மரம் ஏற்றிய லாரி. "போங்க" என்றாள் ஃபுசாயே. அவள் சொன்ன நேரத்தில் சாலை காலி. எய்சோ போகவில்லை. தயங்கினார். கியரைத் தொட்டார், விட்டார், மறுபடி தொட்டார். பிறகுதான் அழுத்தினார். அதற்குள் வளைவில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது. ஓட்டி வந்த கல்லூரிப் பையனுக்குத் தொடை எலும்பு இரண்டாக முறிந்தது.

போலீஸ் எய்சோவுக்குத்தான் அபராதம் போட்டது. ஆனால் ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள்ளேயே அவர் அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டார். "இவதான் போங்கன்னா." போலீஸிடம் சொன்னார், சங்கத்தில் சொன்னார், கொட்டகையில் மீன் அறுக்கும் பெண்களிடம் சொன்னார். ஆஸ்பத்திரிக்கு முலாம்பழப் பெட்டியோடு ஒன்பது தடவை போய், நெற்றி தரையில் படக் குனிந்து மன்னிப்புக் கேட்டது ஃபுசாயே. எய்சோ முதல் தடவை வந்தார். மற்ற எட்டுத் தடவையும் வாசலில் காரிலேயே இருந்தார். பையனின் அம்மா, "நீங்கதானே ஓட்டினீங்க?" என்று கேட்டபோது, இல்லை என்று சொல்ல ஃபுசாயேவுக்கு வாய் வரவில்லை. புருஷனைக் காட்டிக் கொடுக்கிறாள் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம். அந்தப் பயத்துக்காக இன்றுவரை அவள் தன்னையே மன்னிக்கவில்லை.

அதற்குப் பிறகும் அந்த இருக்கையில்தான் உட்கார வைத்தார். ஒவ்வொரு வளைவிலும், "நல்லாப் பாத்துச் சொல்லு, அன்னைக்கு மாதிரி சொல்லாதே" என்று ஒரு குத்து.

இந்த வருஷம் பழைய கார் தேறாது என்று ஆகிவிட்டது. விற்றாகிவிட்டது. புதுசு வாங்க இருவரும் பஸ் ஏறி ஷோரூமுக்குப் போனார்கள். ஃபுசாயே ஒரே ஒரு தீர்மானத்தோடு போனாள்: இனி அந்த இருக்கையில் தன் கண்ணும் கையும் தலையும் வாடகைக்குக் கிடையாது.

விற்பனையாளன் ஹிருகாவா முப்பது வயசுக்காரன், பேச்சில் எண்ணெய் ஒழுகும். "இந்த மாடல் ரெண்டு பக்கமும் வருது சார். வலதுன்னா ரெண்டு மாசம், இடதுன்னா ஆறு மாசம். ஓட்டிப் பாக்க எங்ககிட்ட வலதுதான் இருக்கு."

"வலது காய்கறி வாங்கப் போறவங்களுக்கு" என்றார் எய்சோ.

"வாங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஓட்டித்தான் பாருங்களேன்" என்றாள் ஃபுசாயே. "இன்ஜின் ரெண்டுலயும் ஒண்ணுதானே?"

எய்சோ மூக்கைச் சுளித்துக்கொண்டே சாவியை வாங்கினார். ஹிருகாவா பின்னால் இருந்த குழந்தை அளவு இருக்கையில் முழங்காலைத் தாடையோடு மடக்கிக்கொண்டு ஏறினான். ஃபுசாயே இடது பக்கம் உட்கார்ந்தாள். ஓரத்து வேலி, புல், ஒரு டீத்தோட்டம். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக எதிரே வருகிற எதுவும் அவள் மேல் பாய்கிற மாதிரி வரவில்லை. அவளுக்கு அது அவ்வளவு பிடித்திருந்தது.

ஹகோனே ஏற்றத்தில் ஒரு முள்ளங்கி லாரி மாட்டியது. நடந்து போகிறவன் முந்திவிடலாம் போல ஊர்ந்தது. மஞ்சள் கோடு முடிந்து, முந்தலாம் என்று விட்டுவிட்டு வரைந்த வெள்ளைக் கோடு தொடங்கியது. நேர்ச் சாலை. எய்சோ இப்போது வலது பக்கம் இருக்கிறார்; தலையைக் கொஞ்சம் சாய்த்தால் அரை மைல் தெரியும்.

"போகலாமா?" என்றார் எய்சோ.

ஃபுசாயே திரும்பிப் பார்த்தாள். "எனக்கு லாரிதான் தெரியுது. உங்க பக்கம்தானே ரோடு."

"கேட்டா பதில் சொல்லு."

"நீங்க பாருங்க."

எய்சோ பார்த்தார். எதிரே ஈ காக்கை இல்லை. காலை அழுத்தவில்லை. நெற்றியில் வியர்வை துளிர்த்தது. வெள்ளைக் கோடு முடிந்து மஞ்சள் வந்தது. மறுபடி வெள்ளை வந்தது. பின்னால் ஏழு வண்டிகள் சேர்ந்துவிட்டன. ஒருவன் விளக்கை அடித்து அடித்துக் காட்டினான். கடைசியில் ஒரு பெட்டி வேனில் வந்த கிழவி, முன்னூறு குதிரைச் சக்திக்காரரைத் தாண்டி, லாரியையும் தாண்டிப் போய்விட்டாள். ஹிருகாவா பின்னால் இருமினான். எய்சோ மலை உச்சிவரை முள்ளங்கிக்குப் பின்னாலேயே போனார்.

திரும்பி வந்து மேஜையில் உட்கார்ந்ததும் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இடதுதான். எழுதிக்க. இந்தப் பக்கம் உக்காந்தா இவ ஒண்ணுத்துக்கும் உதவ மாட்டேங்கிறா."

"இடதுல நான் பாத்துச் சொல்லணும்" என்றாள் ஃபுசாயே.

"ஆமா."

"சொன்னது தப்பாப் போச்சுன்னா?"

"தப்பாச் சொன்னது நீதானே? அப்ப உன் தப்புதான்." மழை பெய்தால் நனையும் என்கிற மாதிரி சொன்னார்.

ஹிருகாவா அவசரமாகக் காகிதங்களைப் பரப்பினான். வண்டி நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீஸ் சான்று தராமல் புது காரைப் பதிய முடியாது. எய்சோ யோசிக்காமல், இடம் சொந்தம் என்ற படிவத்தை நிரப்பிக் கையெழுத்துக்குப் பதிலாகத் தன் முத்திரையைக் குத்தினார்.

"நிலம் உங்க பேர்லதானே சார்?"

"வேற யார் பேர்ல இருக்கும்?"

"என் பேர்ல" என்றாள் ஃபுசாயே.

எய்சோ நிஜமாகவே மறந்துபோயிருந்தார். கொட்டகைக்குப் பக்கத்தில் கார் நிற்கிற அந்தத் துண்டு நிலம் ஃபுசாயேவின் அப்பாவுடையது. போன தடவை சம்மதப் படிவத்தில் முத்திரை குத்தியது மாமனார். அவர் போய் மூன்று வருஷமாகிறது. நிலத்தை மகளுக்கு எழுதி வைத்துவிட்டுத்தான் போனார். இருபத்திரண்டு வருஷமாகத் தன் கார் நிற்கிற இடம் தன்னுடையது இல்லை என்பது அந்த மனுஷனுக்கு ஒரு நாளும் உறைக்கவில்லை.

ஹிருகாவா வேறு படிவத்தை எடுத்து ஃபுசாயே பக்கம் தள்ளினான். "அப்ப மேடம் சம்மத முத்திரை போட்டாப் போதும்."

அவள் பையிலிருந்து முத்திரையை எடுத்து, சிவப்பு மையைத் தொட்டு, கையிலேயே வைத்துக்கொண்டாள். "வலது பக்கம் ஸ்டியரிங் இருக்கிற வண்டின்னா இப்பவே குத்தறேன். இடதுன்னா என் நிலத்துல அது நிக்காது."

"பைத்தியமா உனக்கு? நாலு பேர் முன்னாடி என்னை அசிங்கப்படுத்தறியா?"

"நாலு பேர் எங்க? ஒருத்தர்தான் இருக்கார். ஒன்பது தடவை ஆஸ்பத்திரியில எத்தனை பேர் முன்னாடி நான் குனிஞ்சேன்னு எண்ணிப் பாத்தீங்களா?"

ஹிருகாவா பேனாவைத் திறந்தான், மூடினான். "சார், வலதா இடதா? எதைப் போடட்டும்?"

எய்சோ ரொம்ப நேரம் கண்ணாடிக்கு அப்பால் நின்ற காரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபுசாயே அவர் கத்துவார் என்று நினைத்தாள். முணுமுணுத்துக்கொண்டே வலதுக்குச் சம்மதிப்பார் என்றும் பாதி நம்பினாள். அப்படி ஆசைப்பட்ட கார் ஆயிற்றே.

"வேண்டாம்" என்றார் எய்சோ. "வண்டியே வேண்டாம். கிளம்பு."

"சங்கத்துல சிரிப்பாங்கன்னா?"

"சங்கம் கிடக்கு."

"பின்ன என்ன?"

அவர் கோட்டை மாட்டிக்கொண்டு, அவளைப் பார்க்காமல் சொன்னார். "அந்தப் பக்கம் உக்காந்தா எல்லாம் என் தலையில விடியுமே."

ஃபுசாயேவுக்கு இப்போதுதான் புரிந்தது. இவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த மலையில் தயங்கியது யார், அழுத்தியது யார் என்று பதினொரு வருஷமும் தெரிந்தே இருந்திருக்கிறது. அசலும் கலப்படமும் சும்மா பேச்சு. பழியைக் கட்ட ஒரு தலை பக்கத்தில் இருந்தால்தான் இவருக்குக் கார் ஓட்ட வரும்.

"பதினொரு வருஷமா அது என் தலையில இருந்துச்சே" என்றாள். குரல் கிறீச்சிட்டது, அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. "அது கனக்குமேன்னு ஒரு நாளாவது தோணுச்சா?"

எய்சோ கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார். ஃபுசாயே முத்திரையின் சிவப்பைக் கைக்குட்டையில் துடைத்துப் பைக்குள் போட்டாள். ஹிருகாவா எழுந்து, வாங்காமல் போகும் எல்லா வாடிக்கையாளருக்கும் சொல்வது போலவே இடுப்பு வளையக் குனிந்து, "மன்னிச்சிடுங்க மேடம், உங்களுக்கு ரொம்ப சிரமம் கொடுத்துட்டோம்" என்றான்.

இத்தனை வருஷத்தில் கார் விஷயமாக அவளிடம் மன்னிப்புக் கேட்ட முதல் ஆள் அவன்தான். ஃபுசாயே அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள்.