அத்தை ஓடிய திசை

தீபாவளி முடிந்ததும் சிவகாசியில் எல்லோருக்கும் லீவு. வருஷமெல்லாம் ஊருக்கே வெடி செய்து கொடுத்துவிட்டு, அது வெடித்து முடித்த பிறகுதான் நாங்கள் படுத்துத் தூங்குவோம். அந்த வருஷம் எங்கள் வீட்டில் தீபாவளியே இல்லை. பங்குனியில், பட்டாசுக் கம்பெனியின் மருந்துக் கலவை அறையில் நடந்த விபத்தில் மாமா போய்விட்டார். அப்பாவின் தங்கையான என் அத்தை அதன் பிறகு எங்களோடுதான் இருந்தாள். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவாள். பேச மட்டும் மாட்டாள்.

"கடக்காத்து பட்டா மனசு கொஞ்சம் மாறும், கூட்டிட்டு வாங்க" என்று தூத்துக்குடியில் நர்ஸாக இருந்த சித்தி போனில் சொன்னாள். வெறுங்கையோடு போகக் கூடாதே என்று, கம்பெனியில் கொடுத்துப் பிரிக்காமல் கிடந்த வெடிப் பெட்டியை அப்பா வாழைப்பழத்துக்கு அடியில் ஒளித்து பஸ் ஏற்றினார். அதிலிருந்து ஒரு குருவி வெடி என் கவுன் பைக்கு எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். எனக்கு எட்டு வயது. எங்கள் ஊர்ப் பிள்ளைக்குத் தீப்பெட்டி கிடைப்பதா கஷ்டம்?

சாயங்காலம் சித்தி எங்களைத் துறைமுகச் சாலைக்குக் கூட்டிப்போனாள். ஒரு பக்கம் கன்டெய்னர் லாரிகள், தூரத்தில் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி. மறுபக்கம் கடல் வற்றிய சேறு. அங்கே முழங்கால் தண்ணீரில் தலையைக் கவிழ்த்தபடி நூறு பூநாரைகளாவது மேய்ந்துகொண்டிருந்தன.

"மழக்காலத்துக்கு வரும், வெயில் ஏறுனதும் போயிரும்" என்றாள் சித்தி.

"வருசா வருசம் திரும்பி வந்துருதாக்கும்?"

கேட்டது அத்தை. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவளாகக் கேட்ட கேள்வி அது. அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சித்திக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"ஆமா மதினி. பறக்கும்போது பாக்கணும், றெக்கைக்குள்ள செவப்பும் கருப்புமா அம்புட்டு அழகு!"

அவை பறக்கிற வழியாக இல்லை. அத்தை சிரித்துவிடுவாள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. கல்லுக்குப் பின்னால் போய்க் குருவி வெடியைப் பற்றவைத்தேன்.

சித்தி சொன்னது பொய்யில்லை. வானமே சிவந்துபோயிற்று. திரும்பிப் பார்த்தால், அத்தை சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சத்தம் வந்த பக்கமாக ஓடி வந்தாள். என்னைத் தாண்டிச் சேற்றில் இறங்கியும் நிற்கவில்லை. பறவைகளைப் பிடிக்கத்தான் ஓடுகிறாள் என்று நான் குதித்துக் குதித்துக் கைதட்டினேன்.

முழங்கால் சேற்றில் அப்பா அவளை எட்டிப் பிடித்தார்.

"அண்ணே, அவுக வெளிய வந்துட்டாகளா?"

"வந்துட்டாக தாயி. நீ வா."

மாமா செத்தது அப்பாவுக்குமா மறந்துபோயிற்று என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. அன்று யாரும் என்னை அடிக்கவில்லை, திட்டக்கூட இல்லை. அத்தை மறுபடி பேச இரண்டு வருஷம் ஆனது.

வளர்ந்து, நானும் கம்பெனி வேலைக்குப் போகிற ஒருவருக்கு வாக்கப்பட்டேன். ஒருநாள் மத்தியானம் திருத்தங்கல் பக்கம் பெரிய சத்தம் கேட்டது. தெருவில் மற்றவர்கள் எல்லாரும் வீட்டுக்குள் ஓடினார்கள். நான் மட்டும் செருப்புகூடப் போடாமல் சத்தம் வந்த பக்கம் ஓடிக்கொண்டிருந்தேன். அன்று அவர் பத்திரமாகத்தான் இருந்தார். ஆனால் பாதி வழியிலேயே, நான் கைதட்டியது என் காதில் கேட்டுவிட்டது.