எட்டாம் எண்ணின் வலது கால்

எங்கள் கால்பந்து கிளப் நகர லீகின் முதல் டிவிஷனிலிருந்து இறங்கியதற்கு அதிர்ஷ்டம்தான் காரணம் என்று ஆண்டறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். இரண்டே வரி. 'இப்பருவத்தில் அதிர்ஷ்டம் நமக்குத் துணை நிற்கவில்லை. வீரர்கள் முழு மனத்துடன் ஆடினர்.' இதை எழுதியவர் பதினோரு ஆட்டங்களில் நான்கைத்தான் பார்த்தார். நான் பதினொன்றையும் பார்த்தேன். பார்த்தது மட்டுமல்ல, எண்ணினேன்.

எண்ணுவது என் வழக்கம். பாதுகாப்புத் துறை நிறுவனமொன்றில் முப்பத்து நான்கு வருடம் தரப் பரிசோதனையில் இருந்தவன்; உருப்படியைக் கையில் எடுத்தால் எண்ணாமல் கீழே வைக்க வராது. மைதானத்தில் கேலரிக்கு இருபத்து மூன்று படி. ஒன்பதாவது படி உடைந்து இரண்டு வருடமாகிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நோட்டில் இரண்டு பக்கம்: த்ரோ, கார்னர், ஓரத்திலிருந்து உள்ளே தூக்கும் கிராஸ், அதில் எத்தனை நம் ஆளுக்குப் போய்ச் சேர்ந்தது என்று கோடு போட்டு வைப்பேன். என் மனைவி இந்த நோட்டுகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போட இரண்டு முறை முயன்றிருக்கிறாள்.

கிளப்பின் தொந்தரவு எங்கே தொடங்குகிறது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் கமிட்டியில் பதினொரு பேர். அதில் ஒன்பது பேர் மத்திய அரசு நிறுவனங்களில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். நானும் அதே உலகத்திலிருந்து வந்தவன்தான், ஆனால் பந்தாட்டத்தை ஃபைலில் ஆட முடியாது என்பதாவது எனக்குத் தெரியும். இவர்கள் வந்த பிறகு ஒரு வழக்கம் ஏற்பட்டது. எந்த ஆட்டக்காரரைச் சேர்த்தாலும் கமிட்டி ஒரு தீர்மானம் நிறைவேற்றும். அவர் பெயர், வயது, எந்த இடத்தில் ஆடுவார் என்பதெல்லாம் மினிட்ஸ் புத்தகத்தில் ஏறும். ஆட்டத்துக்கு முன்னால் மூன்று பேர் கையெழுத்திட்ட தாள் ஒன்று கோச் கைக்கு வரும். அதில் யார் எந்த இடம் என்று டைப் செய்திருக்கும். லீகில் வேறு எந்தக் கிளப்பிலும் இப்படி ஒரு தாள் கிடையாது. எங்கள் கோச் பொறுமைசாலி. ஆட்டத்தின்போது அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நிற்பார். மாற்ற அவருக்கு உரிமை இல்லை.

ஆறு ஆட்டம் வரைக்கும் மோசமில்லை. இரண்டு வெற்றி, இரண்டு டிரா, இரண்டு தோல்வி. எட்டுப் புள்ளி. எங்கள் இடது விங்கில் மல்லாபூர் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒருவர் ஏழு வருடமாக ஆடிவருகிறார். செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். அவருக்கு இடது கால்தான் கால். வலது கால் நிற்பதற்கு. அவர் ஓரத்தில் ஓடிப் பந்தை வளைத்து உள்ளே தூக்குவார், எங்கள் ஆறடி இரண்டங்குல ஃபார்வர்ட் தலையால் அடிப்பார். எங்களிடம் இருந்தது இந்த ஒரு வித்தைதான். அடித்த ஏழு கோலில் ஐந்து இப்படி வந்தது.

அப்போதுதான் மேனேஜருக்கு யோசனை பிறந்தது. மேனேஜர் மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவர். அவருடைய அப்பா ஒரு காலத்தில் எங்கள் கோல் கீப்பர். நல்ல பிள்ளைதான். ஆனால் மைதானத்தைவிட ஃபோனில் அதிக ஆட்டம் பார்க்கிறவர். ஒடிசாவிலிருந்து ஒரு விங்கரின் வீடியோ வந்திருந்தது. இரண்டு நிமிடம் பத்து விநாடி, பின்னால் பாட்டு. எட்டாம் எண் சட்டை போட்ட ஒல்லியான இளைஞர் இடது ஓரத்தில் பறக்கிறார், இடது காலால் வெட்டுகிறார், தூக்குகிறார், கோல். கமிட்டி அறையில் அதை டிவியில் போட்டுக் காட்டினார்கள். ஒன்பது பெரியவர்களும் கை தட்டினார்கள். நேரில் ஆடவிட்டுப் பார்க்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் கமிட்டியில் இல்லை. கதவருகில் நின்று பார்த்தேன்.

"நேர்ல ஒரு தடவை ஆடவெச்சுப் பாக்கலாமே?" என்றேன்.

"அங்கிள், வீடியோலயே எல்லாம் தெரியுதே. டைம் வேஸ்ட்" என்றார் மேனேஜர்.

தீர்மானம் எழுதினார்கள்: இடது விங். ஏழு வருடம் அங்கே ஆடிய மல்லாபூர்க்காரரை வலது விங்குக்கு மாற்றி இன்னொரு தீர்மானம். அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவர் தாளைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"ரைட்ல நின்னு நான் என்னா பண்ணுறது சார்? வேடிக்கை பாக்கவா?"

"கமிட்டில சொன்னீங்களா?"

"சொன்னேன் சார். ப்ராக்டிஸ் பண்ணா வந்துடும்னு சொல்றாங்க. முப்பது வயசுல புதுக் காலா முளைக்கும்?"

அடுத்த நான்கு ஆட்டத்தில் மூன்று தோல்வி, ஒரு டிரா. புது விங்கர் முதல் ஆட்டத்தில் தடுமாறியபோது புது ஊர், புது மைதானம் என்று நினைத்தேன். இரண்டாவது ஆட்டத்திலிருந்து சந்தேகம். அவர் பந்தை வாங்குகிறார், உடம்பை உள்பக்கம் திருப்புகிறார், வலது காலுக்கு மாற்றுகிறார், அதற்குள் எதிரணி ஆள் வந்து நின்றுவிடுகிறார். ஒவ்வொரு முறையும் இதே. நான் நோட்டில் ஒரு பத்தி சேர்த்தேன். நான்கு ஆட்டத்தில் அவர் பந்தைத் தொட்டது நூற்று நாற்பத்தெட்டு முறை. வலது காலால் நூற்று முப்பத்தொன்று. இடது காலால் பதினேழு. அதிலும் ஆறு தானாகப் பட்டது.

இடது கால் ஆட்டக்காரர் ஒருவர் இப்படித் தொடமாட்டார். ஆனால் வீடியோவில் இடது கால்தான். எனக்குத் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் மிகை; மத்தியானத் தூக்கம் மட்டும் போயிற்று.

வீடியோவை என் ஃபோனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கினேன். பதினான்கு முறை பார்த்தேன். கோலுக்குப் பின்னால் ஒரு பேனர் கட்டியிருந்தது, ஏதோ எழுத்து. கமிட்டியில் தமிழ் படிப்பவர், தெலுங்கு படிப்பவர், இந்தி படிப்பவர் எல்லாரும் உண்டு, ஒடியா படிப்பவர் இல்லை. நானும் அது ஒடியா என்றே விட்டுவிட்டேன். பதினைந்தாவது முறை பார்க்கும்போதுதான், இதைப் படிக்கத் தெரிந்தவர் சைனிக்புரியில் என் எதிர்வீட்டிலேயே இருக்கிறாரே என்று உறைத்தது. ஓய்வு பெற்ற சுபேதார், கட்டாக் பக்கத்துக்காரர்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். ஃபோனைத் தூரத்தில் பிடித்தார், பக்கத்தில் பிடித்தார். இது ஒடியா மாதிரி இருக்கிறது, ஆனால் ஒடியா இல்லை என்று இந்தியில் சொன்னார். அப்புறம் சிறிது யோசித்து எழுந்து போய் பீரோக் கண்ணாடிக்கு முன்னால் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ரத்த தான முகாம். அனைவரும் வருக.

வீடியோ இடவலமாகப் புரண்டிருந்தது. விங்கரிடம் விசாரித்தேன். அவருடைய அண்ணன் பாட்டுச் சேர்க்கும்போது ஏதோ ஒரு பொத்தானை அழுத்திவிட்டாராம். எட்டு என்ற எண் எந்தப் பக்கம் பார்த்தாலும் எட்டு. அவர் ஏழாம் எண் போட்டிருந்தால் எங்கள் கிளப் தப்பித்திருக்கும். வந்த அன்றைக்கே தான் வலது கால் ஆள் என்று சொன்னாராம். கமிட்டி எழுதிவிட்டது, இடது பக்கம் ஆடு என்று பதில் வந்ததாம். ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று அப்புறம் வாயே திறக்கவில்லை.

ஒரே ஒரு ஆட்டம் மிச்சம். எங்களுக்கு ஒன்பது புள்ளி, எங்களுக்கு மேலே இருந்த அணிக்கும் ஒன்பது. அவர்கள் தங்கள் ஆட்டங்களை முடித்துவிட்டார்கள், கோல் வித்தியாசத்தில் எங்களுக்கு மேலே. கடைசி இடத்தில் முடிப்பவர் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்க வேண்டும். எங்களுக்கு ஒரு டிரா போதும். ஐந்து நாள் இருந்தது. இரண்டு விங்கர்களையும் இடம் மாற்றினால் முடிந்தது காரியம். குழந்தைக்கும் புரியும் என்று நினைத்தேன்.

மேனேஜரிடம் பீரோக் கண்ணாடி விஷயத்தைச் சொன்னேன். முகம் ஒரு நிமிடம் வெளுத்தது. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அங்கிள், அது ஒரு டாக்டிக்ஸ். இன்வர்ட்டட் விங்கர்ஸ்னு சொல்வாங்க. யூரோப்ல எல்லா டீமும் இப்ப இப்படித்தான். ரைட் ஃபுட் ஆளு லெஃப்ட்ல, லெஃப்ட் ஃபுட் ஆளு ரைட்ல."

"போன வாரம் வரைக்கும் உங்களுக்கே தெரியாத டாக்டிக்ஸா?"

"இல்ல அங்கிள், அது..."

"விங்கர் உள்ள வந்தா வெளிய யார் ஓடுறது? ஃபுல்பேக். நம்ம ஃபுல்பேக் ரெண்டு பேர் வயசையும் கூட்டிப் பாருங்க. எழுபத்தொண்ணு."

அவர் ஃபோனைப் பார்த்தார். நான் செயலாளரிடம் போனேன். அவர் பொதுத்துறை நிறுவனமொன்றில் நிர்வாகப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். கேட்டார், தலையை ஆட்டினார், நோட்டைப் புரட்டிப் பார்த்துப் பாராட்டக்கூடச் செய்தார். பிறகு மினிட்ஸ் புத்தகத்தை எடுத்தார்.

"ஒத்துக்கிறேன் சார். ஆனா இதுல லெஃப்ட் விங்னு இருக்கே."

"மாத்துங்க."

"தீர்மானத்தை மாத்தணும்னா இன்னொரு தீர்மானம் வேணும். அதுக்குக் கமிட்டி கூடணும். ஏழு நாள் நோட்டீஸ்."

"ஆட்டம் அஞ்சு நாள்ல."

"அதான் சார் கஷ்டம்" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து கத்தினேன். மனைவி காய் நறுக்கிக்கொண்டே, "அவிய கிளப்பு, அவிய மூழ்கடிக்காவ. நீங்க ஏன் பி.பி.யை ஏத்துதீய?" என்றாள். அவியளுடைய கிளப் இல்லை, என்னுடையது என்றேன். அவள் அடுத்த காயை எடுத்தாள்.

கடைசி ஆட்டம். தாளில் எதுவும் மாறவில்லை. இருபதாவது நிமிடம் எதிரணி ஒரு கோல். முதல் பாதியில் நாங்கள் அடித்த கிராஸ் ஒன்பது, எங்கள் ஃபார்வர்ட் தலைக்கு வந்தது ஒன்றுகூட இல்லை. அவர் மின்கம்பம் மாதிரி நின்றார். ஐம்பதாவது நிமிடம் இன்னொரு கோல். எனக்குப் பின்னால் ஒருவர் உஸ்மானியா பிஸ்கட்டைப் பிரித்துச் சாப்பிடத் தொடங்கினார். அவருக்கு ஆட்டம் முடிந்துவிட்டது.

அறுபத்து நான்காவது நிமிடம் எதிரணி ஆள் ஒருவர் காலைப் பிடித்துக்கொண்டு படுத்தார். ஆட்டம் நின்றது. மல்லாபூர்க்காரர் வலது ஓரத்திலிருந்து மைதானத்தின் குறுக்கே நடக்க ஆரம்பித்தார். ஓடவில்லை, ஷிஃப்ட் முடிந்து போகிறவர் மாதிரி நடந்தார். இடது ஓரத்துக்கு வந்து புது விங்கரின் முதுகில் தட்டி எதிர்ப்பக்கம் கையைக் காட்டினார். அவர் கோச்சைப் பார்த்தார். கோச் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார்.

செயலாளர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "ஏம்ப்பா! எங்க போறீங்க? உங்க எடம் அது இல்ல!"

"ஹவ் சார், இதான் என் எடம்!" என்று மல்லாபூர்க்காரர் உள்ளேயிருந்து கத்தினார். ஹவ் என்றால் இந்த ஊரில் ஆமாம். கேலரி சிரித்தது.

அதன்பின் ஏழு கிராஸ். ஐந்து ஃபார்வர்டின் தலைக்கு வந்தன. எழுபத்தெட்டாவது நிமிடம் புது விங்கர் வலது காலால் தூக்கிய பந்தில் ஒரு கோல். வீடியோவில் பார்த்த அதே வளைவு, சரியான பக்கத்திலிருந்து. எண்பத்தொன்பதாவது நிமிடம் மல்லாபூர்க்காரர் இடது காலால் தூக்கினார், ஃபார்வர்ட் எழும்பினார், பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டு மேலே போயிற்று. இரண்டுக்கு ஒன்று. இறங்கிவிட்டோம்.

இருபத்தாறு நிமிடத்தில் ஒரு கோல், ஒரு கம்பம். மீதி அறுபத்து நான்கு நிமிடத்தையும், அதற்கு முந்தைய நான்கு ஆட்டங்களையும் யார் தின்றார்கள்? அதிர்ஷ்டமா?

இதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். பத்து நாள் கழித்து மல்லாபூர்க்காரர் என் வீட்டுக்கு வந்தார், கையில் ஒரு உறை. கமிட்டி ஒதுக்கிய இடத்தை அனுமதியின்றி விட்டு நகர்ந்தது ஏன் என்று ஏழு நாளுக்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். புது விங்கருக்கும் இதே மெமோ.

"நீங்க படிச்சவரு சார். பதில் எழுதித் தாங்க."

நான் மூன்று பக்கம் எழுதினேன். நூற்று முப்பத்தொன்று, பதினேழு, பீரோக் கண்ணாடி, எழுபத்தொன்று, எல்லாம் வைத்தேன். அவர் டீயைக் குடித்துக்கொண்டே படித்தார்.

"இவ்ளோ நக்கோ சார், வேணாம். படிக்க மாட்டாங்க." பேனாவை வாங்கி ஒரு தனித் தாளில் அவரே எழுதினார்: எனக்கு இடது கால் ஆட்டம். அதனால் இடது பக்கம் போனேன். கையெழுத்து. "போதும்ல?"

போதாது. அந்தப் பதிலைப் படித்துப் 'பார்வையிடப்பட்டது' என்று எழுதிக் கோப்பில் வைத்துவிட்டார்கள். இரண்டாம் டிவிஷனுக்கான பட்டியல் போன திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் வந்தது. புது விங்கர் இடது. மல்லாபூர்க்காரர் வலது. மூன்று கையெழுத்து.

விதிப்புத்தகத்தைப் பதினேழாவது பக்கம் வரை படித்தேன். சிறப்புப் பொதுக்குழு கூட்ட இருபது உறுப்பினர் கையெழுத்து வேண்டும். பதின்மூன்று வாங்கிவிட்டேன். சுபேதாரை உறுப்பினராகச் சேர்த்தால் பதினான்கு. மல்லாபூர் தொழிற்சாலையில் ஆறு உறுப்பினர்கள் இருக்கிறார்கள். காலை ஷிஃப்ட் இரண்டு மணிக்கு விடுகிறது. ஒன்றரைக்கே தொழிற்சாலை கேட் அருகில் போய் நிற்கப் போகிறேன். மனைவி குடை எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறாள். எடுத்துக்கொள்வேன். நோட்டையும்.