யோக் சிம்மின் ஞாயிற்றுக்கிழமைக் கார்

பெயிண்ட் கடைக்குள் நுழைந்ததும் யோக் சிம் வண்ண அட்டைகள் இருக்கும் பக்கம் திரும்புவதில்லை. நேராகப் பின்கட்டுக்குப் போய், படிக்கட்டின் அடியில் அடுக்கியிருக்கும் டின்களின் முன்னால் குந்தி உட்கார்ந்துகொள்கிறாள். யாரோ ஒரு வண்ணம் கேட்டு, கடைக்காரர் ரஷீத் கலந்து கொடுத்து, சுவரில் பூசிப் பார்த்ததும் பிடிக்காமல் திருப்பிக் கொண்டுவந்த டின்கள் அவை. மலிவாகக் கிடைக்கும். மூடியின் மேல் தொட்டு வைத்திருக்கும் வண்ணப் பொட்டை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "இதை யாரு வேணாம்னது?" என்று விசாரிக்கிறாள். கல்யாண வீட்டார் என்றோ, புதிதாக டியூஷன் வகுப்பு ஆரம்பித்தவர் என்றோ ரஷீத் சொல்லியாக வேண்டும். அதைக் கேட்காமல் வாங்கமாட்டாள்.

ஈப்போவில் அவள் இருக்கும் வரிசை வீடு அப்படி உருவானது. முன்னறைக்கு ஒரு முடிதிருத்தும் கடைக்காரர் வேண்டாமென்ற பச்சை. படுக்கையறைக்கு யாரோ ஒரு மாமியார் தடுத்துவிட்ட ஊதா. சமையலறைத் தரையில் பதித்திருக்கும் ஓடுகளில் ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. ஓட்டுக்கடைகளில் மிஞ்சிய ஒற்றை ஓடுகளைச் சேர்த்துப் பதித்தது. சாப்பாட்டு மேசை, இடித்த ஒரு பழைய கடைவீட்டின் கதவு. விளக்கைச் சுற்றி மீன் பிடிக்கும் பிரம்புக் கூடு தொங்குகிறது. மாலையில் விளக்கைப் போட்டால் சுவரெல்லாம் வலை விரிந்ததுபோல நிழல் விழும். எங்கள் கிளினிக்கிலிருந்து வந்து அந்த வீட்டைப் பார்த்தவர்கள் எல்லாரும் முதலில் சிரித்திருக்கிறார்கள். பிறகு எழுந்து போக மனமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நாங்கள் இருவரும் ஒரு பல் கிளினிக்கில் வேலை பார்க்கிறோம். நான் உள்ளே டாக்டருக்குக் கருவி எடுத்துக் கொடுப்பவள். அவள் முன்மேசையில் உட்கார்ந்து பெயர்களைக் கூப்பிடுபவள். மலாய்க்காரர், தமிழர், சீனர் என்று பாகுபாடில்லாமல் எல்லாருடைய பெயரையும் தப்பாகத்தான் கூப்பிடுவாள்.

இவ்வளவு சிக்கனக்காரி, தன் சேமிப்பையெல்லாம் கொட்டி வாங்கியது ஒரு கார். கருநீலம். நான்கு கதவு இருந்தாலும் தரையோடு பதுங்கி நிற்கிற உருவம். கையால் கியர் மாற்ற வேண்டியது. சிங்கப்பூருக்குக் குடிபோன ஒருவரிடமிருந்து இரண்டாம் கையாக வாங்கியது என்றாலும், அது தெருவுக்குள் வரும்போது எஞ்சின் சத்தத்துக்கு ஆட்கள் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். அடுத்த தெருவில் இருக்கும் அவள் தம்பி கொக் வெங், உட்கார ஒரு நல்ல சோபா இல்லாத வீட்டு வாசலில் பந்தயக் கார் எதற்கு என்று ரொம்ப நாள் கேலி செய்துகொண்டிருந்தான். அதற்கு அவள், "சோபா என்னைக்காச்சும் மலை ஏறுமாடா?" என்றாள்.

மலை என்றால் கேமரன் மலை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சிம்பாங் பூலாய் சாலையில் ஏறி, மேலே ஒரு தேநீர் குடித்து, கீரை வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவாள். தனியாகத்தான் போவாள். ஒருமுறை என்னை அழைத்துப் போனாள். கண்ணை மூடிக்கொள்ள வேண்டியிருக்கும் என்று பயந்துகொண்டே ஏறினேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. வளைவு வருவதற்கு வெகு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டாள். வளைவுக்குள் நுழைந்த பிறகுதான் மெதுவாக அழுத்தினாள். கார் சாலையைப் பிடித்துக்கொண்டு குலுங்காமல் திரும்பியது. என் மடியிலிருந்த தண்ணீர்ப் பாட்டில்கூட அசையவில்லை. "உள்ள போய் பிரேக் புடிச்சா காருக்குக் கோவம் வந்துரும், மணி. வெளியிலேயே சொல்லிட்டுப் போகணும்" என்றாள். தவமணி என்ற என் பெயரை அவளால் முழுசாகச் சொல்ல முடிந்ததே இல்லை. அன்று அவள் முகத்தில் இருந்த அமைதியை முன்மேசையில் நான் பார்த்ததில்லை.

போன சீனப் புத்தாண்டுக்குப் பிறகு ஒருநாள், ஒரு பெரியவரின் பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர் அவளுடைய இடது பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். எல்லாரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். அவள் இடுப்பில், வீட்டிலுள்ள அந்தக் கதவு மேசையின் மூலை இடித்து இடித்துக் கன்றிப்போயிருந்ததைப் பின்னால்தான் எனக்குக் காட்டினாள்.

அதன் பிறகு ஒரு திங்கட்கிழமை, தேநீர் இடைவேளையில் அவளாகவே சொன்னாள். மலையிலிருந்து இறங்கி, முச்சந்தியில் திரும்பியிருக்கிறாள். இடது பக்கத்திலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்திருக்கிறது. பின்னால் ஒரு சின்னப் பெண் அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யோக் சிம் அவர்களைப் பார்க்கவே இல்லை. அந்த மனிதர் புல்வெளிக்குள் வண்டியை ஒடித்து எப்படியோ நிறுத்திவிட்டார். யாருக்கும் அடி இல்லை. இவள் இறங்கி ஓடியபோது, அவர் குழந்தையின் காலிலிருந்து கழன்று விழுந்த செருப்பைத் தேடி எடுத்து மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார். இவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும், மணி. ஒரு வார்த்தை சொல்லல."

கண் மருத்துவமனைக்கு நான் கூடப் போனேன். கண் அழுத்த நோய் என்றார்கள். எதிரே இருக்கும் பலகையில் கடைசி வரி வரைக்கும் யோக் சிம் தடுமாறாமல் வாசித்தாள். ஆனால் இரு பக்கமும் பார்வை சுருங்கிவிட்டிருந்தது, இடது பக்கம் ஏறக்குறைய முழுவதும். போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அந்த இளம் டாக்டர் மேசையைப் பார்த்துக்கொண்டு, கார் ஓட்டக்கூடாது என்று பதில் சொன்னார்.

கொக் வெங் அன்று மாலை வந்தான். கேலி செய்தவன்தான், அந்தக் கார் அவளுக்கு என்ன என்று அவனுக்குத் தெரியும். நேர்ப்பார்வை நன்றாகத்தானே இருக்கிறது, லைசென்ஸ் புதுப்பிக்கும்போது யாரும் இதையெல்லாம் கேட்பதில்லை, ஊருக்குள்ளே மெதுவாக ஓட்டிக்கொள்ளலாமே என்றான்.

"இத்தனை நாளு தெரியாம ஓட்டுனேன். இனிமே ஓட்டுனா தெரிஞ்சு ஓட்டுறது" என்றாள் அக்காள்.

சாவி அன்றைக்கே பிரம்புக் கூட்டுக்குள் போனது.

அவள் பஸ்ஸில் கிளினிக்குக்கு வரத் தொடங்கினாள். ஒரு சாயங்காலம் சாப்பாடு கொடுக்கலாமென்று போனேன். வாசலில் கார் உறுமிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றது. அவள் உள்ளே உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கேட்டைத் திறக்கவில்லை. சாப்பாட்டுப் பாத்திரத்தோடு திரும்பிவிட்டேன்.

வீடும் மாறியது. பெயிண்ட் கடையில் அவள் முதல்முறையாக வண்ண அட்டையின் முன்னால் நின்றதைப் பார்த்து ரஷீதுக்குக் கை ஓடவில்லை. கண்ணைக் குத்துகிற மஞ்சள் ஒன்றைக் கலக்கச் சொல்லி முழு விலைக்கு வாங்கினாள். கதவு நிலைகள், படிகளின் விளிம்பு, மேசையின் நான்கு மூலை எல்லாவற்றுக்கும் அந்த மஞ்சளைப் பூசினாள். வீடு முழுக்கப் பரவியிருந்த தட்டுகள், கண்ணாடிகள், படங்கள் அத்தனையையும் கழற்றி, அவள் நாற்காலிக்கு நேர் எதிரே இருக்கும் ஒரே சுவரில் நெருக்கி மாட்டினாள். மற்ற சுவர்கள் வெறுமையாகிவிட்டன. ஏன் இப்படி என்று கேட்டேன். "பக்கத்துல வச்சா யாரோ வீட்டுல வச்ச மாதிரி இருக்கு லா" என்றாள்.

வெயிலில் நின்று கார் வீணாகிவிடும் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் கொக் வெங் வாங்க ஓர் ஆளைக் கூட்டிவந்தான். நல்ல மாதிரியான மனிதர்தான். பின் கதவில் இருந்த கீறலைக்கூட யோக் சிம் அவருக்குத் தொட்டுக் காட்டினாள். ஓட்டிப் பார்க்கிறேன் என்று எடுத்துக்கொண்டு போனார். தெருக்கோடியில் திரும்பும்போது டயர் கிறீச்சிட்டது வாசலில் நின்ற எங்களுக்குக் கேட்டது. அவர் திரும்பி வந்ததும், சிரமத்துக்கு மன்னிக்க வேண்டும், விற்கவில்லை என்று சொல்லி, ஐஸ் போட்டு ஒரு கோப்பை கொக்கோ கொடுத்து அனுப்பினாள்.

பிறகு என்னைப் பார்த்து, "ஞாயித்துக்கிழமை உனக்கு என்ன வேலை?" என்றாள்.

நான் ஓட்டுவது தானாகக் கியர் மாறும் சின்னக் கார். கையால் மாற்றி வெகுகாலம் ஆகிவிட்டது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. முதல் ஞாயிறு சிக்னல் விளக்கில் எஞ்சின் அணைந்து அணைந்து போனது. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள். எனக்கு வியர்த்து ஊற்றியது. அவள் ஜன்னலை இறக்கி, கையை வெளியே நீட்டி, அவர்களை முந்திப் போகச் சொன்னாள். பாதி மலையில், கீரை லாரியின் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தபோது மட்டும் வாயைத் திறந்தாள்.

"இந்த முட்டைக்கோசை நாம காவல் காத்துக்கிட்டே போகணுமா?"

முந்தினேன். அது ஒன்றுதான் அன்று நான் ஒழுங்காகச் செய்தது.

இப்போது ஞாயிறுதோறும் போகிறோம். நன்றாக ஓட்டுகிறேன் என்று சொல்ல முடியாது. சில வளைவுகள் கைவருகின்றன. பல வளைவுகளில் அவள் மூச்சை இழுத்துக்கொள்வது கேட்கிறது. போகிற வழியில் என்ன தெரிகிறது என்று ஒருமுறை கேட்டேன். ரோடு தெரிகிறது, போதும் என்றாள்.

போன வாரம் மலையில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. சாலை கறுத்து மின்னியது. மேலேறும் நீண்ட வளைவு ஒன்று வந்தது. எந்த இடத்தில் கியரை மாற்றுவது என்று தெரியாமல் தயங்கியபடி பக்கத்தில் பார்த்தேன். யோக் சிம் கண்ணை மூடியிருந்தாள். கைகள் மடியில் கிடந்தன. அவளுடைய இடது கால் மட்டும் விரிப்பிலிருந்து எழும்பி, அங்கே இல்லாத கிளட்சை நிதானமாக மிதித்து, இறக்கி, மெல்ல விட்டது.