காலித் தண்டவாளத்தில் சிவப்பு விளக்கு

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் எழுந்த புது வீடுகளில் ஒன்று தர்மசந்திரனுடையது. அதன் மாடியறையை முழுக்க ஒரு ப்ளைவுட் மேசை அடைத்துக்கொண்டிருக்கிறது. மேசைமேல் ஒரு ஸ்டேஷன், ஒரு வளைவு, ஒரு பாலம், இரண்டு பொம்மை ரயில் வண்டிகள். எஞ்சின்களை வெளிநாட்டிலிருந்து அனுப்பியவன் மகன் நவீன். மற்றதெல்லாம் அவர் கையால் ஆனது. தொலைபேசி இலாகாவில் கேபிள் இணைப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மனைவி தர்மவதி இறந்துபோன பிறகு அந்த வீட்டில் அவர் தவிர அசைவது அந்த ரயில் ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கீழ்பென்னாத்தூரிலிருந்து சகாதேவன் வருவார். அவர் பஸ் கண்டக்டராக இருந்தவர். வேலைக்குப் போய்வந்த காலமெல்லாம் தர்மசந்திரன் அவருடைய பஸ்ஸில்தான் போனார். அப்படி ஒட்டிக்கொண்ட பழக்கம். கூட்ஸ் தர்மசந்திரனுடையது, பாசஞ்சர் சகாதேவனுடையது. பாசஞ்சர் கிளம்பும்போது சகாதேவன் விசிலடித்து "போலாம் ரைட்!" என்பார். இத்தனூண்டு வண்டிக்கு அத்தனை பெரிய குரல்.

தர்மசந்திரன் சமணர். அந்த ஊர் வழக்கப்படி சகாதேவன் அவரை நயினார் என்றுதான் கூப்பிடுவார். பொழுது சாய்ந்தபின் வாயில் எதுவும் போடமாட்டார். முன்பெல்லாம் வெயில் தாழ்ந்ததும் தர்மவதி கீழிருந்து குரல் கொடுப்பாள். இப்போது கூப்பிட ஆளில்லை. ஆனாலும் அதே நேரத்துக்கு அவர் கால் தானாகப் படியிறங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமையிலும் அப்படித்தான். கூட்ஸை ஸ்டேஷனில் நிறுத்திவிட்டுக் கீழே போய், இருப்பதைச் சூடுபண்ணிச் சாப்பிட்டு வருவார். மதியம் தாமதமாகச் சாப்பிட்டுவிட்டு வரும் சகாதேவன், தனக்குப் பசியில்லை என்று மேலேயே இருந்துகொள்வார்.

சண்டை வந்தது தை மாதத்தில்.

தண்டவாளத்தை அவர் மார்கழியில்தான் பல பகுதிகளாக அறுத்திருந்தார். ஒவ்வொரு பகுதிக்கும் தனி ஒயர், தனி சர்க்யூட் கார்டு. ஒரு பகுதியில் எஞ்சின் இருந்தால், நின்றாலும் சரி ஓடினாலும் சரி, அது கொஞ்சம் கரண்ட் இழுக்கும். கார்டு அதைக் கண்டுபிடித்துச் சிவப்பு விளக்கைப் போடும். பின்னால் வரும் வண்டி தானாக நின்றுவிடும். காலியாக இருந்தால் பச்சை.

"யோவ் நயினாரே! வண்டி நின்னுபோச்சுய்யா. வளைவுல ஒண்ணுமே இல்ல, செவப்பு காட்டுது" என்று மாடியிலிருந்து சகாதேவன் கத்தினார். தர்மசந்திரன் சாப்பிட்டு முடித்துக் கைகழுவி மேலே வந்தபோது வளைவு பச்சையாக இருந்தது.

"பச்சைதானே எரியுது?"

"இப்ப எரியுது. நீ வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் மாறுச்சு."

அடுத்த வாரமும் அதேதான். மூன்றாம் வாரம் தர்மசந்திரனுக்குப் பொறுமை போய்விட்டது.

"நான் இருந்தா ஒழுங்கா வேலை செய்யுது, நீ இருந்தா செய்யல. என் ஒயரு என்னைப் பாத்து பயப்படுதா? எதையோ நோண்டுற நீ."

"நான் எதுக்குய்யா நோண்டப் போறேன்?"

"கண்டக்டர் கை சும்மா இருக்குமா? பை இல்லன்னா எதையாவது துழாவிக்கிட்டுதான் இருக்கும்."

வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தார், சொல்லி முடிக்கும்போது அது வேடிக்கையாக இல்லை. சகாதேவன் விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இத்தினி வருஷ சர்வீஸ்ல நான் கை வச்சேன்னு செக்கிங்காரன்கூட சொன்னதில்ல" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மாசி பிறந்தது. சகாதேவன் வரவில்லை. பாசஞ்சர் நின்ற இடத்திலேயே நின்று தூசு படிந்தது. தர்மசந்திரன் கூட்ஸை மட்டும் ஓட்டிப் பார்த்தார். ஒற்றை வண்டிக்கு எதற்கு சிக்னல்? எதிரில் வர ஆளில்லாதபோது சிவப்பும் பச்சையும் வெறும் விளக்குகள்தான்.

தன் பேச்சு சரியென்று தனக்கே நிரூபிக்கத்தான் சோதனையைத் தொடங்கினார். ஒவ்வொரு பற்றவைப்பையும் இழுத்துப் பார்த்தார். உறுதியாக இருந்தது. வளைவின் கார்டைக் கழற்றி ஸ்டேஷனுக்கும், ஸ்டேஷனுடையதை வளைவுக்கும் மாற்றினார். இரண்டும் நன்றாக வேலை செய்தன. காலையில் பார்த்தார், மதியம் பார்த்தார், சாப்பிட்டுவிட்டு வந்து விளக்கு வைத்த பிறகும் பார்த்தார். கோளாறு இல்லை. அப்படியானால் சகாதேவன்தான். ஆனால் அப்படி நினைக்கும்போது மனம் ஒப்பவில்லை. பொய் சொல்கிற ஆள் மூன்று வாரமும் ஒரே பொய்யையா சொல்வான்?

கேபிள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. எங்கே சோதித்தோம் என்பதைவிட, எங்கே சோதிக்கவில்லை என்று கேட்டுக்கொள்வது. அன்று சாதம் வைக்க அரிசியைக் களைந்துகொண்டிருந்தபோது அந்தக் கேள்வி வந்தது. அவர் சோதிக்காத நேரம் ஒன்றே ஒன்று. அவர் சாப்பிடும் நேரம்.

அரிசியை அப்படியே வைத்துவிட்டு மாடியேறினார். கூட்ஸை ஸ்டேஷனில் நிறுத்தி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். மேற்கு ஜன்னல் வழியாக வெயில் நீளமாக உள்ளே வந்து, மேசை விளிம்பில் ஏறி, பாலத்தைத் தாண்டி, வளைவும் ஸ்டேஷனும் சேருமிடத்தில் வந்து விழுந்தது. இந்த அறையில் இந்த நேரத்து வெயிலை அவர் பார்த்ததே இல்லை. இப்போது கீழே போனால் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடலாம் என்று வயிறு சொன்னது. அவர் அசையவில்லை.

வளைவில் சிவப்பு எரிந்தது.

வளைவு காலி. தண்டவாளத்தைத் தொட்டுப் பார்த்தார், சுட்டது. தோள் துண்டை எடுத்து வெயில் படாமல் ஜன்னலில் பிடித்தார். கை கடுக்கும்வரை பிடித்திருந்தார். பச்சை வந்தது. துண்டை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி சிவப்பு.

பூதக்கண்ணாடி வைத்துக் குனிந்தார். இரண்டு பகுதிக்கும் நடுவே அவர் அறுத்திருந்த இடைவெளி மூடியிருந்தது. அதை அறுத்தது மார்கழிக் குளிரில், இருந்ததிலேயே மெல்லிய ரம்பத்தால். வேலை செய்த தடம் வெளியே தெரியக்கூடாது என்பது கேபிள்காரனின் கௌரவம். மற்றவர்கள் போல அகலமாக அறுத்து நடுவில் பிளாஸ்டிக் துண்டு செருக அவருக்கு மனம் வரவில்லை. வெயில் பட்டு இரும்பு நீண்டு முட்டிக்கொண்டதும், ஸ்டேஷனில் நிற்கும் கூட்ஸ் வளைவின் ஒயர் வழியாகவும் கரண்ட் இழுத்திருக்கிறது. கார்டு பாவம், கண்டதைச் சொன்னது. சகாதேவனும்தான்.

வெயில் மேற்கே ஊர் மலைக்குப் பின்னால் போனது. சற்று நேரத்தில் பச்சை. ஒவ்வொரு முறையும் இப்போதுதான் அவர் கைகழுவிக்கொண்டு படியேறி வந்திருக்கிறார்.

கீழே இறங்கியபோது தெருவிளக்கு எரிந்துவிட்டது. இனி இன்றைக்குச் சாப்பாடு இல்லை. போனை எடுத்தார்.

"யாரு?"

எண் தெரிந்தும் கேட்கிறார் என்பது புரிந்தது. "நான்தான். நயினார்."

"சொல்லு."

சொன்னார். ரம்பத்தில் ஆரம்பித்து வெயில்வரை எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னார். மறுமுனையில் எங்கோ மாடு கத்தியது.

"அப்ப நான் தொடல."

"தொடல. தப்பு என்னுது."

"இத எப்பக் கண்டுபிடிச்ச?"

"இப்பத்தான். பொழுது சாயற நேரத்துல."

"அப்ப நீ சாப்பிடலையா?" சகாதேவன் சிரித்துவிட்டார். "நல்லா வேணும் உனக்கு. ராத்திரி முழுக்க கெட."

"ஞாயித்துக்கெழம வாயேன்."

"இந்த ஞாயிறு முடியாது. மருமவளுக்கு வளைகாப்பு. அப்பால பாக்கலாம்." கொஞ்சம் நிறுத்தினார். "ஒண்ணு சொல்றேன் கேளு. வந்தா, நீ சாப்பிட எறங்கும்போது நானும் எறங்கிடுவேன். அந்த நேரத்துல மேல ஒண்டியா குந்திக்கிட்டு இருக்கறது எனக்கு எப்பவுமே புடிச்சதில்ல."

தர்மசந்திரனுக்கு இது புதிய செய்தி. இத்தனை நாளும் சகாதேவன் வண்டி ஓட்டும் ஆசையில் மேலேயே இருக்கிறார் என்றுதான் நினைத்திருந்தார்.

"பசிக்கலன்னு சொல்வியே?"

"நீ ஒரு ஆளுக்குத்தானே சூடு பண்ணுவ. வேற என்னத்த சொல்றது?"

போனை வைத்தபின், அப்பால என்றால் எந்த ஞாயிறு என்று கேட்டிருக்கலாம் என்று தோன்றியது. திரும்பக் கூப்பிடக் கூச்சமாக இருந்தது. களைந்த அரிசியை மூடி வைத்துவிட்டு, அகலமான ரம்பத்தைத் தேடி எடுத்துக்கொண்டு மாடியேறினார்.