வன்னிக்கு லொறியில் வந்த றப்பர்

1. முதல் நாள்

வன்னியில் ஓமந்தைக்கு மேற்கே காடு வெட்டிய நிலத்தில் றப்பர் நடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வேலை தேவைப்பட்டதால் அடக்கிக்கொண்டு போனேன். களுத்துறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் றப்பர் ஸ்டோரில் பன்னிரண்டு வருடம், பாலை உறையவைத்துத் தகடாக்கிய சீற்றைத் தரம் பிரித்தவள் நான். எழுபத்தேழுக் கலவரத்தில் எங்கள் லய வீடுகளை எரித்தார்கள். உடுத்திய சேலையோடு வவுனியாவுக்கு வந்து சேர்ந்தோம்.

திட்ட அதிகாரி யாழ்ப்பாணத்தவர். றப்பரைப் புத்தகத்தில் பார்த்தவர்.

"இங்க மழை பத்தாதுங்க ஐயா. கோடையில கச்சான் காத்து அடிச்சா கன்னெல்லாம் கருகிடும்" என்றேன்.

"உம்மை ஆர் கேட்டது? உலகச் சந்தையில மலேசியாவோட போட்டி போடப் போறம். நீர் தண்ணியை ஊத்தும்."

ஊற்றினேன். ஆவணிக்குள் பாதிக் கன்றுகள் விறகாகிவிட்டன. அவர் அறிக்கையில் 'வளர்ச்சி திருப்திகரம்' என்று எழுதினார்.

2. கண்காட்சி

அடுத்த வருடம் மேலதிகாரிகள் சிலரும் கொழும்பு ஏற்றுமதி வியாபாரி ஒருவரும் ஜீப்பில் தோட்டத்தைப் பார்க்க வந்தார்கள். அதற்கு முந்தின நாள்தான் தெற்கிலிருந்து ஒரு லொறியில் புகையூட்டிய சீற் வந்திறங்கியிருந்தது. அதை மேசையில் அடுக்கி, 'வன்னியின் ஏற்றுமதித் தரம்' என்று பலகை வைத்தார்கள். றப்பர் மரம் பால் தர ஆறேழு வருடம் வேண்டும். எங்கள் கன்றுகள் முழங்கால் உயரம். இது வேறு யாருக்கும் தெரியாது என்று அதிகாரி நம்பினார்.

"கேட்டால் இஞ்சத்தைப் பால் எண்டு சொல்லும். நீர் குடியிருக்கக் காணி கேட்டு எழுதின கடிதம் என்ர மேசையிலதான் கிடக்குது" என்று என்னிடம் சொல்லிவைத்தார்.

வியாபாரி வயதானவர். ஒரு சீற்றை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தார்.

"என்ன தரம்மா இது?" என்று என்னைக் கேட்டார்.

"முதலாந்தரம், ஐயா" என்று அதிகாரி முந்திக்கொண்டார்.

காணிக் கடிதத்தை நினைத்தேன்.  ஆனால் அந்தச் சீற்றைப் பார்த்துக்கொண்டே முதலாந்தரம் என்று சொல்ல வாய் வரவில்லை.

"மூணாந்தரமுங்க. பாலை ஒழுங்கா வடிகட்டல. பட்டைத் தூசு கெடக்கு, கொப்புளமும் இருக்கு. இங்க வெட்டுன பாலும் இல்லைங்க. நேத்து லொறியில வந்துச்சு."

 வியாபாரி சீற்றை மேசையில் போட்டார்.

"கொழும்புலயும் இதே கததான். பொதிக்கு வெளியே நல்ல சீற், உள்ளுக்குப் பூஞ்சணம். வாங்குறவன் ஒருநாள் பொதிய அறுத்துப் பாப்பான். அடுத்த தடவ மலேசியாக்காரன்கிட்டப் போயிருவான்."

என் முகம் எரிந்தது. பழைய தோட்டத்தில் துரை சொன்னபடி பூஞ்சணம் பிடித்த சீற்றை உள்ளே வைத்துப் பொதி கட்டியவர்களில் நானும் ஒருத்தி. அதைக் கெட்டித்தனம் என்று வேறு நினைத்திருந்தேன்.

3. பிறகு

மறுநாளே வேலை போனது. காணிக்காக அரசாங்கக் கச்சேரிக்கு நடையாய் நடந்து, இரண்டு வருடம் கழித்துத்தான் காணி கிடைத்தது. அதிகாரிக்குக் கொழும்பில் பதவி உயர்வு. ஏற்றுமதியைப் பெருக்க ஆலோசனை சொல்லும் வேலையாம்.

என் காணியில் உழுந்து போட்டேன். முதல் விளைச்சலை வவுனியாக் கடைக்குக் கொண்டுபோனபோது முதலாளி சாக்கின் வாயில் ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, "சரி, நிறுங்கோ" என்றார்.

"அடி வரைக்கும் கைய விட்டுப் பாருங்க" என்றேன்.

பார்த்தார். அதற்குப் பிறகு என் சாக்கை அவர் அவிழ்த்ததேயில்லை. ஏற்றுமதி பற்றி நான் கற்றது இவ்வளவுதான். இதைச் சொல்லித்தர ஒரு ஜீப்பும் வரவில்லை.